பெயர் மாறி வாழ்ந்த கொடி: சிலி நாட்டுச் செந்தேறலின் வரலாறும் சுவையும்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆண்டிஸ் மலைத்தொடருக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் இடையே நாடா விரித்தாற்போல் நீண்டு கிடக்கும் நாடு சிலி. அதன் தலைநகராகிய சாந்தியாகோவுக்குத் தெற்கே மைப்போ பள்ளத்தாக்கு இருக்கின்றது. அங்குள்ள வின்யா கார்மென் என்னும் பழைய திராட்சைத் தோட்டத்திற்கு, 1994ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 24ஆம் நாள், திராட்சைப் பயிர் பற்றிய மாநாடு ஒன்றுக்காக வந்திருந்த அறிஞர் சிலர் சென்றனர். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே நவம்பர் இளவேனிற் காலமாதலின், கொடிகள் பூத்திருந்தன. பிரான்சு நாட்டு மோன்பெலியே நகரிலிருந்து வந்திருந்த ழான் மிஷேல் பூர்சிகோ என்னும் கொடி ஆராய்ச்சியாளர், 'மெர்லோ' எனக் காட்டப்பட்ட ஒரு வரிசையின் முன் நின்று பூக்களை உற்று நோக்கினார். அவற்றின் மகரந்தத் தாள்கள் நேராக நில்லாமல் முறுக்கிக்கொண்டிருந்தன. இது மெர்லோ அன்று, கார்மெனேர் என்றார் அவர்.

ஒரு கொடிக்கு ஒரு பெயர் போய் மற்றொரு பெயர் வந்ததில் என்ன வியப்பு என்று கேட்கலாம். கார்மெனேர் என்பது, பிறந்த நாட்டிலேயே ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட கொடி. அது சிலியில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் வேற்றுப் பெயருடன் வாழ்ந்துகொண்டிருந்தது. அதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. அப்பெயர் மாறாட்டத்தினால் அதன் உண்மைச் சுவையை அந்நாட்டார் அதுவரை முழுமையாக அறியாமலே இருந்துவிட்டனர்.

தேறல் என்னும் சொல்

திராட்சைப் பழத்தைப் பிழிந்து, நொதிக்கவிட்டு, தெளிவித்து எடுக்கும் மதுவை ஆங்கிலேயர் ஒயின் என்பர். 'தேறு' என்னும் வினைக்குத் தெளிதல் என்ற பொருளும் உண்டு. ஆகவே கசடு நீங்கித் தெளிந்த இதனைத் தேறல் என்று வழங்குவது பொருத்தமே. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர் யவனர் கொண்டுவந்த தேறலைக் குறிப்பிடுவதும், புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டு அகழ்வில் உரோமானியர் சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்திருப்பதும் தமிழாசிரியர் அறிந்தவையே. சிவப்பு ஒயின் இங்குச் செந்தேறல் எனப்படுகின்றது.

செந்தேறலின் சிவப்பு பழத்தின் சாற்றில் இல்லை. கருந்திராட்சையிலும் சாறு பெரும்பாலும் நிறமற்றதே. நிறமும் துவர்ப்பும் தோலில் இருக்கின்றன. பழத்தை நசுக்கித் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுவதால் அவை சாற்றில் இறங்குகின்றன. ஆகவே தோல் எவ்வளவு முதிர்ந்திருக்கின்றது என்பதே செந்தேறலின் தரத்தைப் பெரிதும் முடிவு செய்கின்றது. கார்மெனேரின் கதை முழுவதும் இந்த ஒரு செய்தியைச் சுற்றியே நிகழ்கின்றது.

பிறந்த ஊர் போர்டோ

பிரான்சின் தென்மேற்கில் உள்ள போர்டோ வட்டாரம் செந்தேறலுக்குப் பெயர்போனது. அங்குத் தேறல் வடிக்க வழங்கிய கருந்திராட்சை வகைகள் ஆறு. கபர்னே சோவின்யோன், மெர்லோ, கபர்னே பிராங்க், மல்பெக், பெத்தி வெர்தோ ஆகிய ஐந்தும் இன்றும் செல்வாக்குடன் இருக்கின்றன. ஆறாவதே கார்மெனேர். அண்மைக் கால மரபணு ஆராய்ச்சி இவற்றின் உறவு முறையையும் வெளிப்படுத்தியிருக்கின்றது. கபர்னே சோவின்யோன், மெர்லோ, கார்மெனேர் மூன்றுக்கும் பெற்றோருள் ஒன்று கபர்னே பிராங்க்கே. மற்றப் பெற்றோர் வெவ்வேறு. எனவே மெர்லோவும் கார்மெனேரும் அரை உடன்பிறப்புகள். இரண்டையும் பிறர் மயங்கியதற்கு இந்த உறவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கார்மெனேர் என்னும் பெயர் 'கார்மின்' என்னும் பிரெஞ்சுச் சொல்லை ஒட்டியது. கார்மின் என்பது ஆழ்ந்த செந்நிறம். இலையுதிர் காலத்தில் இக்கொடியின் இலைகள் அந்நிறம் கொள்வதால் இப்பெயர் வந்தது. அச்சொல்லோ, சிவப்புச் சாயம் தரும் ஒரு பூச்சியைக் குறிக்கும் 'கிர்மிஸ்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து இலத்தீனத்தின் வழி வந்தது. அரபுச் சொல்லுக்கு மூலம் பூச்சி, புழு எனப் பொருள்படும் 'க்ருமி' என்னும் வடசொல் என்பர் சொல்லாராய்ச்சியாளர். தமிழில் வழங்கும் 'கிருமி'யும் அதுவே. பூச்சியால் பெயர் பெற்ற கொடியை மற்றொரு பூச்சியே வீழ்த்தியது.

வேரைத் தின்ற பூச்சி

1860களில் பிரான்சின் தெற்குத் தோட்டங்களில் கொடிகள் காரணம் தெரியாமல் வாடத் தொடங்கின. 1868இல் மோன்பெலியே பேராசிரியர் பிளான்ஷோனும் அவருடன் சென்றவர்களும் வாடிய கொடிகளைப் பிடுங்கிப் பார்த்தபோது, வேர்களில் அசுவினி இனத்தைச் சார்ந்த, கண்ணுக்கு எளிதில் புலப்படாத மஞ்சள் நிறப் பூச்சிகள் அப்பிக்கிடப்பதைக் கண்டனர். வட அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த செடிகளோடு வந்த இதற்குப் பைலாக்சிரா என்று பெயர். அமெரிக்கக் கொடிகளின் வேர் இப்பூச்சியைத் தாங்கும். ஐரோப்பியக் கொடியின் வேர் தாங்காது. சில ஆண்டுகளில் அது போர்டோவுக்கும் பரவியது. பிரான்சின் தேறல் தொழிலே அழிந்துவிடுமோ என்ற நிலை ஏற்பட்டது.

முடிவில் கண்ட வழி, அமெரிக்கக் கொடியின் வேர்மீது ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டி நடுவதாகும். தோட்டம் முழுவதையும் அழித்து மீண்டும் நடவேண்டியிருந்தபோது, எந்த வகையை நடுவது என்று உழவன் கணக்குப் பார்த்தான். கார்மெனேரோ கணக்குக்கு உதவாத கொடி. இளவேனிலில் குளிரும் மழையும் வந்தால் அதன் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். பிடித்த குலையும் காலந்தாழ்த்தே பழுக்கும்; போர்டோவின் இலையுதிர் கால மழை அதற்குள் வந்துவிடும். நல்ல ஆண்டில் மிக நல்ல தேறல் தந்தாலும், நல்ல ஆண்டுகள் சிலவே. ஆகவே விரைவில் பழுப்பதும் நிறையக் காய்ப்பதுமாகிய மெர்லோவை நட்டனர், கார்மெனேரைக் கைவிட்டனர். கடனில் மூழ்கியிருந்த உழவன் வேறு எதைச் செய்திருக்க முடியும்?

கடல் கடந்த போத்துகள்

இவ்வழிவு நேர்வதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, சிலியின் செல்வர்கள் போர்டோவின் தேறலைப் போன்றதைத் தம் நாட்டிலும் வடிக்க விரும்பி, அங்கிருந்து கொடிப் போத்துகளை வரவழைக்கத் தொடங்கியிருந்தனர். சில்வெஸ்திரே ஒச்சகாவியா என்பார் 1851இல் வரவழைத்தவை அவற்றுள் புகழ்பெற்றவை. இப்படி வந்த கட்டுகளில் மெர்லோவும் கார்மெனேரும் கலந்திருந்தன. இரண்டும் ஒரே தோட்டத்தில், ஒரே வரிசையில்கூட நடப்பட்டன. காலப்போக்கில் கார்மெனேர் என்னும் பெயர் மறைந்து, எல்லாம் மெர்லோ ஆயின.

பைலாக்சிரா சிலிக்குள் நுழையவில்லை. வடக்கே அத்தகாமா பாலைவனம், கிழக்கே ஆண்டிஸ், மேற்கே கடல், தெற்கே பனி நிலம் ஆகிய நான்கும் அந்நாட்டுக்கு அரணாயின. ஆகவே சிலியின் பழங்கொடிகள் ஒட்டுக் கட்டப்படாமல் தம் சொந்த வேரிலேயே நிற்கின்றன. போர்டோ இழந்ததைச் சிலி காத்து வைத்திருந்தது. ஆனால் காத்துவைத்தது இன்னதென்பது காத்தவர்க்கே தெரியவில்லை.

பிழையின் விலை

மெர்லோ சிலியில் மார்ச்சுத் திங்களில் பறிப்புக்கு வந்துவிடும். கார்மெனேர் முதிர அதன்பின் மூன்று வாரமேனும், பெரும்பாலும் அதற்கும் மேலும் ஆகும். ஏப்பிரல் இறுதி, மே தொடக்கம் வரைகூடக் கொடியில் நிற்கும். இரண்டும் ஒன்றென எண்ணியவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பறித்தனர். மெர்லோவின் நாளில் பறித்தால் கார்மெனேர் பச்சையாக இருக்கும். கார்மெனேருக்காகக் காத்திருந்தால் மெர்லோ மிகப் பழுத்துக் கெடும். எந்த நாளில் பறித்தாலும் ஒன்றுக்குத் தீங்கு.

பச்சையாகப் பறித்த கார்மெனேரின் தேறலில் குடமிளகாயை நறுக்கினாற்போன்ற நெடி எழும். பைரசீன் இனத்தைச் சார்ந்த ஒரு வேதிப்பொருளே இதற்குக் காரணம். குடமிளகாயின் நெடிக்குக் காரணமும் அப்பொருளே. ஒரு லிட்டர் செந்தேறலில், ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் சுமார் பதினைந்து பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். கார்மெனேரில் இப்பொருள் இயல்பாகவே மிகுதி. பழம் முதிர முதிர அது குறையும். குலைமீது வெயில் படுவதும் அதனைக் குறைக்க உதவும். எனவே தேவையான மருந்து காலமும் கதிரவனுமே. பெயர் தவறியதால் அவ்விரண்டும் அதற்கு அளந்து கொடுக்கப்படவில்லை.

சிலியின் மெர்லோ மற்ற நாட்டு மெர்லோவைப் போன்று இல்லை என்பதை வாணிகர் உணர்ந்தே இருந்தனர். 'சிலி மெர்லோ' என்று தனியே குறிப்பதும் உண்டு. மண்ணும் காற்றும் வேறாதலின் சுவையும் வேறு என்று சமாதானம் கூறிக்கொண்டனர். 1991இல் குளோத் வாலா என்னும் பிரெஞ்சு அறிஞர் இது மெர்லோ அன்று எனக் கண்டார். ஆனால் கபர்னே பிராங்காக இருக்கலாம் என எண்ணினார். பாதி உண்மை வெளிவந்தது. மறுபாதிக்கு மேலும் மூன்றாண்டுகள் தேவைப்பட்டன.

கண்டறியும் அடையாளங்கள் கடினமானவை அல்ல. மெர்லோவின் இளந்தளிர் அடிப்புறத்தில் வெண்மை காட்டும்; கார்மெனேரின் தளிர் செம்மை காட்டும். முதிர்ந்த இலையில் நடுமடல் மெர்லோவில் நீண்டிருக்கும். பூவின் மகரந்தத் தாள் முறுக்கு முன்னரே கூறப்பட்டது. இலை, தளிர், பூ இவற்றைக்கொண்டு கொடியின் குலத்தைக் கூறும் இக்கலையை மோன்பெலியேயில் வளர்த்துப் பெரு நூல்களாக எழுதியவர் பியேர் கலே. பூர்சிகோ அவர்தம் மாணாக்கர். பெயர்ப் பட்டியலை நம்பாமல் கொடியையே பார்க்கப் பழகிய கண் அது.

உண்மை பிறந்தபின்

உண்மையை ஏற்றுக்கொள்வது எல்லார்க்கும் எளிதாக இருக்கவில்லை. மெர்லோ என்னும் பெயருக்கு அந்நாளில் வெளிநாட்டுச் சந்தையில் நல்ல மதிப்பு இருந்தது. கார்மெனேர் என்றால் வாங்குவோர் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த பெயரை விட்டுத் தெரியாத பெயரை ஒட்டுவது விற்பனையாளர்க்கு அச்சம் தருவதே. வின்யா கார்மென் தோட்டத்தார் தம் முதல் தேறலைக் 'கிராண்ட் விதூர்' என்னும் பெயரில் வெளியிட்டனர். அது கார்மெனேருக்குப் போர்டோவில் வழங்கிய வேறொரு பழம்பெயர். சிலி அரசின் வேளாண்துறை கார்மெனேரைத் தனி வகையாக ஏற்றது 1998இல். அதன்பின் கொடிகளை வேறு பிரித்தறிந்து, தனித்தனி நாளில் பறிக்கும் முறை பரவியது. ஏறத்தாழ 10,000 ஹெக்டேர் நிலத்தில் இக்கொடியைக் கொண்டுள்ள சிலியே இன்று இதன் தலைமை நாடு. நவம்பர் 24ஆம் நாளைக் கார்மெனேர் நாளாகவும் கொண்டாடுகின்றனர்.

இத்தகைய மாறாட்டம் சிலியில் மட்டும் நிகழவில்லை. இத்தாலியின் வடகிழக்கில் கபர்னே பிராங்க் எனப் பயிரிட்டவற்றுள் பல கார்மெனேரே எனப் பின்னர்த் தெரிந்தது. சீனத்தின் யந்தாய் நகரில் 1892இல் தொடங்கிய சாங்யூ நிறுவனம் ஐரோப்பாவிலிருந்து வரவழைத்த கொடிகளுள் ஒன்று கபர்னே கெர்னிஷ்ட் என்று வழங்கியது. 'பாம்பு, டிராகன், முத்து' எனப் பொருள்படும் அழகிய சீனப் பெயரும் அதற்கு உண்டு. மரபணுவைச் சோதித்தபோது அதுவும் கார்மெனேராகவே இருந்தது.

நிறமும் மணமும் சுவையும்

உரிய காலத்தில் பறித்த கார்மெனேரின் தேறலைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினால், நாவற்பழச் சாறு போன்ற கருஞ்சிவப்பு முதலில் கண்ணைக் கவரும். முகர்ந்தால் செரி, பிளம் முதலிய பழங்களின் மணமும், அதனூடே மிளகு, புகையிலை, வறுத்த காப்பிக் கொட்டை ஆகியவற்றின் சாயலும் தோன்றும். ஓக் மரப் பீப்பாயில் சிலகாலம் வைத்த தேறலில் புகையின் மணம் மிகும். பச்சை நெடி முற்றும் அற்றுப்போவதில்லை, அற்றுப்போகவும் கூடாது. மென்மையான தழை மணமாக அது அடியில் நிற்பதே இத்தேறலின் தனி முகம். அதனை முழுதும் ஒழிக்க எண்ணிப் பழத்தை மிகையாகப் பழுக்கவிடும் தோட்டக்காரர் சிலர் உளர். அவர்தம் தேறல் பாகு போல் கனத்துப் போதை மிகுந்து, வேறு எந்த நாட்டுத் தேறலோடும் வேறுபாடின்றிப் போகின்றது. ஒரு குறையை நீக்கப் போய் உருவத்தையே இழப்பது இது.

வாயில் கொண்டால் முதலில் தோன்றுவது மென்மை. கபர்னே சோவின்யோன் போல நாவை இறுக்கிப் பிடிப்பதில்லை. இந்த இறுக்கத்தை ஆங்கிலத்தார் சுவைகளுள் ஒன்றாக எண்ணுவதில்லை. வாய்க்குள் ஏற்படும் ஓர் உணர்ச்சி என்றே கூறுவர். தமிழரோ அறுசுவையுள் ஒன்றாக வைத்துத் துவர்ப்பு என எளிதாகக் கூறிவிட்டனர். மாதுளைத் தோல், வாழைப்பூ, இளம் பாக்கு ஆகியவற்றில் இருக்கும் அதே துவர்ப்புப் பொருளினமே திராட்சைத் தோலிலும் இருக்கின்றது. அப்பொருள் உமிழ்நீரின் புரதத்தோடு பிணைந்து அதன் வழவழப்பை நீக்குவதால் நாக்கு வறண்டாற்போல் தோன்றுகின்றது. கார்மெனேரில் துவர்ப்பு மிதம், புளிப்பும் குறைவு. புளிப்புக் குறைந்த தேறல் பொதுவாக நெடுங்காலம் தாங்காது. ஆதலின் பெரும்பான்மையானவை சில ஆண்டுகளுக்குள் அருந்துவதற்குரியவை. கச்சபோவால் பள்ளத்தாக்கில் உள்ள பெயுமோ என்னும் ஊரின் களிமண் நிலத்திலும், கொல்ச்சாகுவா பள்ளத்தாக்கின் அபால்தாவிலும் விளைபவை சிறந்தவை எனப் பெயர் பெற்றிருக்கின்றன.

எவ்வுணவோடு பொருந்தும்?

தேறலைத் தனியே அருந்துவது சிலி நாட்டார் வழக்கில் சிறப்பன்று. உணவோடு சேர்த்தே அதனைப் போற்றுவர். செப்டம்பர் 18ஆம் நாள் வரும் அவர்தம் நாட்டு விழாவில் எம்பனாதா என்னும் பண்டம் இல்லாத வீடு இராது. அது கறிபாப் போன்று பிறை வடிவில் மடித்தது. ஆனால் பெரியது, பெரும்பாலும் அடுப்பில் வாட்டியெடுப்பது. உள்ளே கொத்திய மாட்டிறைச்சி, வெங்காயம், சீரகம், அவித்த முட்டைத் துண்டு, ஒலிவக்காய், உலர்ந்த திராட்சை ஆகியவை இருக்கும். சீரகத்தின் மணமும் வெங்காயத்தின் இனிப்பும் கார்மெனேரின் மிளகுச் சாயலோடு நன்கு இயைகின்றன. இறைச்சியின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அடக்கிவிடுகின்றன.

'பஸ்தெல் தெ சோக்ளோ' என்பது மற்றொன்று. மக்காச்சோளத்தை அரைத்துத் துளசியினத் தழை சேர்த்து, இறைச்சிக் கலவைமேல் பரப்பி, மட்பாண்டத்தில் வாட்டுவது. சோளத்தின் இனிமைக்குப் புளிப்பு மிகுந்த தேறல் ஒவ்வாது. கார்மெனேரின் மென்மை ஒத்துப்போகும். கரியடுப்பில் சுட்ட ஆட்டிறைச்சியும் அவ்வாறே. மப்பூச்சே என்னும் பழங்குடியினர் மிளகாயைப் புகையில் உலர்த்தி, கொத்துமல்லி விதையும் உப்பும் சேர்த்து இடிக்கும் 'மெர்கேன்' பொடியைத் தூவினால், பொடியின் புகை மணமும் தேறலின் புகை மணமும் ஒன்றையொன்று தேடிவந்தாற்போல் சேரும். புலால் உண்ணாதவர்க்கு மொச்சை போன்ற பச்சைப் பயறு, பூசணி, சோளம் சேர்த்துச் சமைக்கும் 'பொரோத்தோஸ் கிரனாதோஸ்' உண்டு. குடமிளகாயைச் சுட்டுச் சேர்க்கும் எவ்வுணவும் இத்தேறலுக்குப் பொருந்தும். இரண்டின் மணத்துக்கும் காரணமான பொருள் ஒன்றேயன்றோ?

பொருந்தாதவையும் உள. கடுங்காரம் வேண்டாம், தேறலில் உள்ள ஆல்கஹால் காரத்தின் எரிச்சலை மிகுவிக்கும். காரக்குழம்போடு இதனை வைத்தால் இரண்டின் சுவையும் கெடும். கொழுப்பு மிகுந்த கடல் மீனும் செந்தேறலோடு பெரும்பாலும் சேராது. தேறலில் உள்ள இரும்புச் சத்து மீன் கொழுப்போடு சேர்ந்து கவிச்சு நாற்றத்தை எழுப்புகின்றது என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர் கண்டனர்.

செந்தேறலை அறையின் வெப்பத்திலேயே பரிமாற வேண்டும் என்று ஐரோப்பிய நூல்களில் காணப்படும் விதி, அந்நாட்டுப் பழைய வீடுகளின் குளிர்ந்த அறையை எண்ணி எழுதியது. அஃது ஏறத்தாழ 16 முதல் 18 பாகை சென்டிகிரேடு. 30 பாகைக்கு மேல் வெப்பம் நிலவும் நாடுகளில் அவ்விதியை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினால், ஆல்கஹாலின் நெடி மட்டுமே மூக்கில் ஏறும். அரைமணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்தால் கார்மெனேரின் பழ மணமும் அதனடியில் நிற்கும் அந்தத் தழை மணமும் தெளிவாகத் தோன்றும்.